ஜாடிக்கு வந்த சாமி மீன்

கொல்லிமலையில் எனக்குக் 'கொசு ஐயா' என்று பேர். முகத்துக்கு நேரே 'ஏனுங்க ஐயா' என்பார்கள்; நான் வரப்பைத் தாண்டினதும் 'கொசு போகுது' என்று சிரிப்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். திரும்பி நின்று, "யாரய்யா அது?" என்று கத்துவேன். எல்லாரும் குனிந்து களை பிடுங்குவார்கள். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. மலைக்காய்ச்சல் என்றாலே சேலத்திலும் ராசிபுரத்திலும் கொல்லிமலையைத்தான் சொல்வார்கள். அங்கே நின்ற தண்ணீரிலெல்லாம் எண்ணெய் விட்டுக் கொசுப்புழுவைக் கொல்லச் சர்க்கார் அனுப்பிய ஆள் நான். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. எண்ணெய் டின்னும் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையும் தலைச்சுமையாக முன்னே ஏறும்; மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நான் ஏறுவேன்.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் ஒரு குடியானவர் தம் தானியக் கொட்டகையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். மண்சுவர், புல்கூரை, கிழக்கே ஒரு ஜன்னல். பக்கத்தில் அவர்கள் வீடு. புருஷனும் பெண்சாதியுமாக இரண்டே பேர். அவரை அண்ணா என்றும் அந்த அம்மாளை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணா நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். நான் ஊரார் பானைகளைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், "இன்னைக்கு யாரூட்டுத் தண்ணியக் கொட்டீட்டு வாரீங்க தம்பி?" என்று கேட்பார். "கொட்டுனவருக்கே கஞ்சி ஊத்தறேன் பாருங்க, எனக்குப் புத்தி இல்ல" என்று அலுத்துக்கொண்டே சாமைக் கஞ்சியை ஊற்றுவார். கூடவே ஊறுகாயும் வரும்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சேலத்தில் எங்கள் அதிகாரியின் பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் சிவப்பு மீன்கள், அவற்றுக்குப் பின்னால் நீர்ச்செடிகள். கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் மீனைப் பார்ப்பார்கள். நான் செடியைப் பார்ப்பேன். நெட்டை நெட்டையாக வளர்ந்து, கீழே இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் தண்டாக ஆடிக்கொண்டிருக்கும். சே, இதை ஒழுங்காக வளர்க்கத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருக்கும். அதிகாரியிடம் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாள் பழைய சாமான் கடையில் மின்சார பாட்டரிக்கு வைக்கும் சதுரக் கண்ணாடி ஜாடி ஒன்று கண்ணில் பட்டது. முழங்கை உயரம், கனத்த கண்ணாடி. அதை வாங்கி, வைக்கோல் சுற்றி, மலையேற்றிவிட்டேன். சர்க்கார் எண்ணெயைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனதில்லை.

ஆற்றோரச் சேற்றில் நீர்ப்பிரமி மண்டிக் கிடக்கும். சின்னஞ்சிறு இலை, சதைப்பற்றாக, கணுவுக்குக் கணு எதிரெதிராக இருக்கும். நெல் வயலின் கசிவில் சிவந்த தண்டுள்ள இன்னொரு செடி கிடைத்தது. அதற்கு என்ன பேர் என்று அண்ணாவிடம் கேட்டேன். "களைக்கு எதுக்குங்க பேரு?" என்றார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

வயல் வண்டலை நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்துக் காயவைத்து, நாற்றம் போனபிறகு ஜாடியின் அடியில் பரப்பினேன். அதன்மேல் கழுவின ஆற்றுமணல். தண்டைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மூங்கிலைப் பிளந்து செய்த இடுக்கியால் ஒவ்வொன்றாக ஊன்றினேன். கொத்தாக அமுக்கினால் நடுவில் இருப்பது அழுகிவிடும். வேர் பிடித்ததும் செடி நெட்டுக்குத்தாகக் கிளம்பும். அப்போதுதான் உண்மையான வேலை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொழுந்தைக் கிள்ள வேண்டும். கிள்ளின இடத்துக்குக் கீழ்க் கணுவிலிருந்து இரண்டு கிளை வெடிக்கும். அவை விரலளவு வந்ததும் அவற்றையும் கிள்ள வேண்டும். கிள்ளின கொழுந்தை முன்வரிசையில் ஊன்றினால் அதுவும் பிடித்துக்கொள்ளும். பின்னால் உயரம், முன்னால் குட்டை என்று படியாக இறங்கிவர வேண்டும். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வந்தால் எல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்துவிடும். ஆகவே தினமும் ஜாடியைக் கொஞ்சம் திருப்பிவைப்பேன். நேர்வெயில் பட்டால் கண்ணாடி முழுக்கப் பாசி. நிழல் கூடிப்போனால் இலைக்கும் இலைக்கும் இடைவெளி விழுந்து, சேலத்து பங்களாச் செடியின் கதிதான். மலைக்குளிர் எனக்குக் கைகொடுத்தது. கீழ்நாட்டில் தறிகெட்டு வளர்கிற செடி அங்கே நிதானமாக, குட்டையாக, இலைமேல் இலை நெருங்கி வளர்ந்தது.

நின்ற தண்ணீரில் கொசு முட்டையிடும் என்று ஊரெல்லாம் தொண்டை கிழியச் சொல்கிறவன் நான். என் ஜாடியும் நின்ற தண்ணீர்தானே! இரண்டு மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். அண்ணாவிடம் கேட்டேன்.

"ஆத்துல சின்னதா ரெண்டு மீன் புடிச்சுத் தர்றீங்களா?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி மீனுங்க அது" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்ன கேட்டாரு? மீனா? அய்யய்யோ, வாயக் கழுவுங்க கண்ணு! நீங்க கீழ்நாட்டுக்காரரு, தெரியாம கேட்டுப்போட்டீங்க."

கோயிலடியில் ஓடும் அந்த ஆற்றில் யாரும் மீன் பிடிப்பதில்லை. அறுத்துச் சட்டியில் போட்ட மீன் உயிர்பெற்று ஆற்றுக்குத் துள்ளிப்போன இடம் என்று சொல்வார்கள். அந்த மீனைத் தொட்டவனுக்குக் கோயில் வாசல் இல்லை. சண்டைபோடுகிற பங்காளிகள்கூட, 'நான் சொல்றது பொய்யின்னா மீனத் தொட்டவனாப் போறேன்' என்றுதான் சத்தியம் பண்ணுவார்கள். அடிவாரத்திலிருந்து மீன் கொண்டுவரப் பார்த்தேன். பாதி ஏற்றத்திலேயே பானையில் மிதந்துவிட்டது. சரி, போகட்டும் என்று, வாராவாரம் ஜாடித் தண்ணீரை இறைத்துத் துணியில் வடிகட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிவந்தேன்.

செடி அடர்ந்தபிறகு அது முடியாமல் போயிற்று. தண்ணீரை இறைத்தால் தண்டெல்லாம் மடிந்து சேற்றில் படுத்துவிடும். பார்த்துப் பார்த்துக் கிள்ளின வடிவம் ஒரே நாளில் பாழாகும். ஒரு வாரம் இறைக்காமல் விட்டேன். அப்புறம் பாதித் தண்ணீர் மட்டும் மாற்றினேன். அப்புறம் மேலாக எட்டிப் பார்ப்பதோடு சரி. புழு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? செடி தண்ணீர்மட்டம் வரை தழைத்து, ஊசி குத்த இடமில்லாமல் நின்றது. அதைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "கல்யாண மாப்பிள்ளைக்குத் தல சீவுன மாதிரி இருக்குது. இந்தப் பொறுப்பக் கொஞ்சம் உங்க தலையிலயும் காட்டலாமுல்ல?" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் இடுக்கி கைநழுவி ஜாடிக்குள் விழுந்தது.

ஆவணியில் அடிவாரத்து ஊர் ஒன்றில் தங்கிவிட்டு வந்தேன். வந்ததும் குளிர்காய்ச்சல். எத்தனை பேருக்கு நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன்! என் பல் கிட்டித்தபோதுதான் அது என்ன வேதனை என்று தெரிந்தது. அக்காதான் கூட இருந்தார். வாந்தியை அள்ளிக் கொட்டினார், நெற்றியில் பற்றுப் போட்டார், பொழுது சாய்ந்தும் வீட்டுக்குப் போகாமல் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சர்க்கார் கொடுத்த கொசுவலை எனக்கு இருந்தது. வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அதைத் தூக்கிக் கட்டச் சொல்லிவிட்டேன். அவரும் கட்டிவிட்டு, ஓலை விசிறியால் எனக்கு வீசிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஜாடி இருந்தது.

நான் தேறி எழுந்து மறுபடி எண்ணெய் டின்னைத் தூக்கினேன். ஆற்றோரத்தில் ஒரு கசிவுக்குழி இருப்பதை அண்ணா காட்டினார். எண்ணெய் விட்டேன். அன்றைக்குப் பார்த்தா மழை கொட்ட வேண்டும்? குழி நிரம்பி வழிந்து, எண்ணெய் அப்படியே மீன்கள் வாழும் மடுவில் போய்ப் படர்ந்தது. மீன் ஒன்றும் சாகவில்லை. ஆனால் மடு முழுக்க எண்ணெய் மினுங்கியதை ஊரே பார்த்தது. சர்க்கார் ஆளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழியைக் காட்டினவர் அண்ணா என்பது தெரிந்து அவரிடம்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அது நடந்து கொஞ்ச நாளில் அக்கா படுத்தார்.

குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு கொதிக்கும், பிறகு வேர்க்கும். ஒரு நாள் விட்டு மறுநாள் அதே கூத்து. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வேண்டாங்க தம்பி" என்றார் அக்கா.

"ஏனுங்கக்கா? நான் முழுங்கலியா? பொழச்சு உங்க முன்னால நிக்கலியா?"

"உங்களுக்கு வந்தது வெறுங் காச்சல். எனக்கு வந்தது சாமி கோவமுங்க. மாத்திரைக்கு அடங்குமா அது? இன்னுமில்ல கோவிச்சுக்கும்."

பூசாரி வந்து பார்த்துவிட்டு, மடுவுக்கு வேண்டுதல் முடியும்வரை தீர்த்தமும் கஞ்சியும் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவரும் அதை நம்பித்தான் சொன்னார். அண்ணா தினமும் விடிகாலையில் ஈரத்துணியோடு ஆற்றுக்குப் போய்க் கரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு வருவார். அக்காவுக்கு நாளுக்கு நாள் கண் மஞ்சளித்தது. லோட்டாவைப் பிடிக்க முடியவில்லை. வாய் ஓயாத மனுஷி, பேச்சே இல்லாமல் கிடந்தார். நான் வாசலில் நின்று மன்றாடினேன், அதட்டினேன், சர்க்கார் உத்தரவு என்று பயமுறுத்திக்கூடப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா முனகுவதைக் கேட்க முடியாமல் கொட்டகைக்கு வந்துவிட்டேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. நீர்மட்டத்தில் முட்டிக்கொண்டிருந்த கொழுந்துகளைக் கத்தரித்து வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டேன். இந்த நேரத்தில் எனக்குச் செடி கேட்கிறது பார் என்று என்மேலேயே வெறுப்பு. அப்போது தட்டில் ஏதோ நெளிந்தது.

குனிந்து பார்த்தேன். புழு. ஒன்றா இரண்டா? ஒவ்வொரு கொத்தின் இலையிடுக்கிலிருந்தும் உதிர்ந்தன. சாதாரணக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். காய்ச்சல் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுக்கும். இது எனக்குத் தொழில். தட்டில் இருந்தவை அத்தனையும் படுத்துக் கிடந்தன. நான் கிள்ளிக் கிள்ளி நெருக்கிய ஒவ்வொரு கிளைக்கு அடியிலும் அவற்றுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறேன். அங்கே பிறந்த கொசு வலையில்லாமல் கிடந்த என்னைக் கடித்திருக்கிறது. பிறகு எனக்கு விசிறிக்கொண்டிருந்தவரைக் கடித்திருக்கிறது. கொசுவும் என்னுடையது, காய்ச்சலும் என்னுடையது. ஊரார் பானைகளை உதைத்துக் கவிழ்த்தேனே, பாவி! என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சியோடு கூடவே ஒரு நப்பாசையும் எழுந்தது. இதைக் காட்டினால் நம்புவார்கள். நம்பினால் சாமி கோபம் இல்லையென்று ஆகும். அப்படி ஆகிவிட்டால் மாத்திரை உள்ளே போகும். என்னை அடித்துத் துரத்தட்டும், அது கிடக்கட்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாவிடம் போனேன்.

"இதப் பாருங்கண்ணா. அக்காவுக்குக் காச்சல் வந்தது எண்ணெயால இல்ல, மடுவால இல்ல. என் ஜாடியால. எல்லாம் என் தப்பு."

அவர் தட்டைப் பார்த்தார். "புழுவுங்க. குட்டையில கெடக்கறதுதான்" என்றார்.

"இதுதான் கொசுவாகுது. அந்தக் கொசுதான் என் காச்சலக் கொண்டுபோய் அவங்களுக்குக் குடுத்துச்சு."

"கொசு கடிக்காத நாளு ஏதுங்க தம்பி? அப்படின்னா தெனமும் காச்சலு வரோணுமே." அவர் குரலில் கோபமில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். "நீங்க மனசப் போட்டு ஒளப்பிக்காதீங்க. குழியக் காட்டுனவன் நான். தப்பு எம்பேர்லதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குற்றத்தைக்கூட என்னிடம் விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷர்! உள்ளே அக்காவின் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. நிதானம் போய்விட்டது எனக்கு. "ரெண்டு மீன் கேட்டேனே, குடுத்தீங்களா? அந்த ரெண்டு மீன் ஜாடியில இருந்திருந்தா இந்தப் புழுவப் பூராத் தின்னு தீர்த்திருக்கும். இன்னைக்கு அக்கா எந்திரிச்சு நடப்பாங்க. உங்க பக்திதாண்ணா அவங்களப் படுக்க வெச்சிருக்குது! இன்னும் கும்பிடுங்க, போங்க! மீனப் பத்திரமா வெச்சுக்கிட்டு அக்காவக் கொண்டுபோய்ப் பொதைங்க!"

சொன்னேன். அப்படியேதான் சொன்னேன். ஜாடியைப் பற்றி ஒப்புக்கொள்ள வந்தவன், பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டேன். அண்ணா தோள்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் கொட்டகை வாசலில் நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தது. இரண்டு கையாலும் ஒரு மண்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மேலே வாழையிலை மூடியிருந்தது. இலையை விலக்கினேன். உள்ளே கெண்டைக் குஞ்சுகள் இரண்டு.

"நீங்க கேட்டது இதுதானுங்களே?" என்றார். "அவ முன்னால உடுங்க. புழுவத் திங்கறத அவ பாக்கட்டும்."

"அண்ணா, நான் கோவத்துல..." என்று ஆரம்பித்தேன். "நேரமாச்சுங்க" என்றார். ஜாடியை நாங்கள் இருவரும் தூக்கிக்கொண்டுபோய் அக்காவின் பாயருகே வைத்தோம். அண்ணா சட்டியைச் சாய்த்தார். குஞ்சுகள் தண்ணீரில் விழுந்ததும் விருட்டென்று செடிக்குள் புகுந்து மறைந்துவிட்டன. அவ்வளவுதான். வெளியே வரவில்லை. மேலே புழுக்கள் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தன. செடி அவ்வளவு அடர்த்தி; மீன் புழுவிடம் போக வழியில்லை.

அண்ணா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இதற்கா என்னை ஆற்றில் இறக்கினாய் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். பின்வரிசை உயரச்செடி, நடுவரிசை, முன்னால் குட்டையாகப் படிய வைத்தவை என்று ஒன்று விடாமல் மணலுக்கு மேல் கட்டைவிரல் உயரத்தில் நறுக்கி, கைகளால் அள்ளி வெளியே போட்டேன். எத்தனை மாதத்து வேலை என்றெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. எங்கே மீன் மிரண்டு துள்ளிச் செத்துவிடுமோ என்று மட்டும் உயிர் துடித்தது.

தண்ணீர் தெளியக் கொஞ்ச நேரமாயிற்று. மேலே ஒதுங்க இடமில்லாமல் புழுக்கள் நெளிந்தன. ஒரு குஞ்சு அடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. லபக்கென்று ஒன்றைப் பிடித்தது. இன்னொன்றும் வந்தது.

"பாத்தீங்களாக்கா? பாத்தீங்களா? அதுதான் கொசு. அதுதான் காச்சல்" என்று நான் பரபரத்தேன்.

அக்கா ஜாடியைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி, ஈரத்தோடு சுவரோரம் நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா புடிச்சீங்க?"

அவர் தலையசைத்தார்.

"கையாலயா?"

அவர் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அக்காவின் கண்ணோரத்தில் நீர் இறங்கிப் பாயை நனைத்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "குடுங்க தம்பி அந்தக் கசப்ப. இவரு இத்தன தூரம் போனதுக்கப்புறம் நான் செத்துத் தொலைஞ்சா, அந்தப் பாவமும் சேந்து இவரு தலையிலதான விடியும்?"

கொசுவையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. புருஷன் இழந்தது வீணாகக் கூடாது என்பதற்காக விழுங்கினார். நான் வாயைத் திறக்காமல் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டது. கண்ணின் மஞ்சளும் மறைந்தது. ஐப்பசி மழைக்குள் எழுந்து உட்கார்ந்து, "என்னைய இப்படி எலும்புந் தோலுமா ஆக்கிப்போட்டு, நீங்க மட்டும் எங்கூட்டுக் கஞ்சியக் குடிச்சு ஊதியிருக்கீங்க" என்று என்னை வையத் தொடங்கினார். அந்த வசவைக் கேட்டு நான் வெளியே போய் நின்று அழுதேன்.

அண்ணாவைக் கோயில் பக்கம் பிறகு நான் பார்க்கவே இல்லை. மீன் பிடித்தது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். பூசாரிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. ஊரார் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவரை யாரும் தடுக்கவில்லை. அவராகவே போகவில்லை. அக்கா தேங்காய் பழத்தோடு கிளம்புவார். இவர் கோயில் சரிவு இறங்கும் இடம்வரை போய், ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். அக்கா திரும்பிவந்து நீட்டும் திருநீற்றை வாங்க மாட்டார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அந்த மண்சட்டியைத் தேடி எடுத்தேன். ஜாடியில் நான் மறுபடி நாலைந்து தண்டுதான் ஊன்றியிருந்தேன், நிறைய இடம் விட்டு. கொழுந்தைக் கிள்ளவில்லை. குஞ்சுகள் அதற்குள் விரல் நீளம் வளர்ந்திருந்தன. அவற்றைச் சட்டிக்கு மாற்றப்போகும்போது அண்ணா வந்தார்.

"என்ன பண்றீங்க தம்பி?"

"மீன ஆத்துலயே உட்டுடறேண்ணா. சாமி மீன் சாமிகிட்டயே போகட்டும். உங்களுக்கு ஒரு தோஷமும் இல்ல. சொன்னது நான், பாவம் என்னுது. நீங்க கோயிலுக்குப் போங்க." கெஞ்சினேன். காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன்.

அவர் சட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். ஜாடிக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"ஆத்துல உட்டா அத்தன மீனோட கலந்துபோயிருமுங்க. அப்புறம் நான் புடிச்சது எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அபூர்வம். "இங்க இருந்தா, தெனமும் வந்து இதுங்ககிட்டயாவது மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பிறகு கையைக் கூப்பினார். நான் அங்கே நிற்கத் தகுதியில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.